வளர்ச்சி குன்றிய குன்று

போன மாதம் நீலகிரியின் கூடலூரில் ஒரு கூட்டம். மேலிடத்திலிருந்து வந்த அறிக்கை ஒன்றைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். முதல் பக்கத்திலேயே 'வளர்ச்சி குன்றிய மலைப்பகுதிகள்'. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மா ஒருவர் திரும்பிக் கேட்டார்: "குன்றுன்னா மலைதானே தம்பி? மலை வளரலைன்னு எழுதியிருக்காங்களா?"

சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். இந்தத் தொடரை இன்னும் எத்தனை அறிக்கையில்தான் படிப்பது!

குன்றுதல் என்றால் இருந்தது குறைவது, வாடுவது. பெயராக வந்தால் சிறு மலை. 'குன்றின் அனையாரும் குன்றுவர் குன்றுவ குன்றி அனைய செயின்' என்று மலை, தாழ்வு, குன்றிமணி மூன்றையும் ஒரே குறளில் வைத்து வள்ளுவர் விளையாடியிருக்கிறார். அவர் விளையாடலாம். அறிக்கை எழுதுகிறவர் விளையாடக் கூடாது. போதாததற்கு, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தையைத்தான் மருத்துவத்தில் 'வளர்ச்சி குன்றிய' என்பார்கள். அதை ஒரு வட்டாரத்துக்கு ஒட்டினால், நோய் அதன் உடம்பிலேயே இருப்பதாகத் தொனிக்கிறது.

சரி, 'பின்தங்கிய' என்றால்? அது இன்னும் பழகிய சொல், பழகியதாலேயே ஆபத்து. பின் + தங்கு. தங்குதல் நாமாகச் செய்வது. ஊட்டியில் தங்குகிறவர்கள் யார் என்று விடுதிக்காரர்களைக் கேளுங்கள். மற்ற ஊர்கள் நடந்துபோக, இந்த வட்டாரம் மட்டும் வழியில் அறை எடுத்துப் படுத்துவிட்டது போலல்லவா இருக்கிறது! யார் காரணம் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

இவற்றுக்கு மூலமான 'அண்டர்டெவலப்ட்' (underdeveloped) என்ற ஆங்கிலச் சொல்லை உலகெங்கும் பரப்பியது 1949இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஆற்றிய பதவியேற்பு உரை. அங்கேயும் அது வெறும் நிலையைச் சொன்ன பெயரடைதான். 1972இல் கயானாவின் வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி அதையே வினையாக்கி, ஐரோப்பா ஆப்பிரிக்காவை இந்த நிலைக்கு ஆளாக்கியது எப்படி என்று கேட்டார். நம் இலக்கணம் இதைச் செயப்படுபொருள் குன்றா வினை என்கிறது. 'குன்றா' சரியாகப் பொருந்துகிற இடம் அது.

சாதி விஷயத்தில் தமிழ்நாடு இதை எப்போதோ செய்துவிட்டது. பிற்பட்டோர் என்று விட்டுவிடாமல் பிற்படுத்தப்பட்டோர் என்றோம். அரசுத் துறைக்கே அந்தப் பெயர். பிற்படு தன்வினை, பிற்படுத்து பிறவினை. ஒரு 'த்து' சேர்ந்ததும், படுத்தியது யார் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆளுக்குச் செய்த நியாயத்தை நிலத்துக்கு ஏன் செய்யவில்லை?

நண்பர் ஒருவர் மறுக்கிறார். சரிவு, மழை, தூரம், இதற்கெல்லாம் யாரைப் பிடிப்பது என்கிறார். பாதி சரி. ஆனால் இதே நீலகிரியின் பைக்காரா ஆற்று நீரில் எடுத்த மின்சாரம் 1932 முதல் கீழே போகிறது. கோவை ஆலைகள் அதில் ஓடின. இங்கே கூடலூரிலோ, ஜன்ம நிலம் என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிய வழக்குகள் இழுத்துக்கொண்டே போக, பட்டா இல்லாமல் மின் இணைப்புக்கு அலைந்த வீடுகள் எத்தனையோ. இதில் சரிவுக்கு என்ன பங்கு? அதே மலையில்தான் 1908இல் ஊட்டிவரை ரயில் ஏறியது.

ஆகவே, காரணம் தெரிந்த இடத்தில் 'பிற்படுத்தப்பட்ட பகுதி' என்றே எழுதலாம். நண்பரின் பாதிக்காக, நிலையை மட்டும் சொல்லவேண்டிய இடத்தில் 'வளர்ச்சி எட்டாத பகுதி'. அங்கே எட்டாமல் போனது வளர்ச்சி, ஊர் அல்ல. 'டெவலப்பிங்' என்பதற்கு வைத்த 'வளர்முக' என்ற அடை நாடுகளுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் 'உள்ளடக்கிய வளர்ச்சி' காத்திருந்தது. சேர்த்துக்கொள்கிறார்களா, அடக்குகிறார்களா? 'எல்லாருக்குமான வளர்ச்சி' என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி குறைந்துவிடுமா? அந்த அம்மாவிடம் கேட்கலாம் என்று பார்த்தால், அவர் அதற்குள் தாளை நாலாக மடித்து, வெற்றிலை இருந்த சுருக்குப்பைக்குள் வைத்துவிட்டார்.