டேபிள் சா வாங்கும் முன் பிளேடுக்குப் பின்னால் பாருங்கள்

டேபிள் சா, அதாவது மேஜைக்கு நடுவில் பிளேடு நீட்டிக்கொண்டு சுற்றுகிற மின் ரம்பம், வாங்கப் போகிறேன் என்று சொன்னால் முதலில் வருகிற கேள்வி மோட்டார் எத்தனை எச்.பி. என்பதுதான். நானும் கடையில் அதைத்தான் கேட்டேன், 2 எச்.பி. என்றதும் திருப்தியாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம், ஒரு முழ நீளப் பிளைவுட் துண்டு வயிற்றில் வந்து அறைந்தது. பெல்ட் பக்கிளில் பட்டதால் கன்றிப்போனதோடு தப்பித்தேன். அப்புறம் அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தால், நேராக இருக்க வேண்டிய வெட்டுக்குப் பக்கத்தில் வில் மாதிரி வளைந்த ஒரு கீறல்.

அந்தக் கீறலில்தான் முழுக் கதையும் இருக்கிறது. நாம் நிற்கிற பக்கத்தில் பிளேடின் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன, அதனால் மரத்தை மேஜையோடு அழுத்திப் பிடிக்கின்றன. பின்பாதியில் அதே பற்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. வெட்டு ஒழுங்காகப் போகும்வரை அவற்றுக்கு வேலையே கிடையாது, முன்பற்கள் திறந்துவிட்ட சந்துக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். மரம் கொஞ்சம் கோணி அவற்றின்மேல் சாய்ந்தால் வந்தது வம்பு: ஏறுகிற பல் மரத்தின் பின்முனையைத் தூக்குகிறது, தூக்கிய மரம் பிளேடின் உச்சிக்கு வருகிறது, உச்சியில் இருக்கும் பல்லோ நம்மை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 10 அங்குல பிளேடின் சுற்றளவு கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் அந்தப் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். மரம் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலே போதும். இதைவிடப் பயங்கரம், மரம் சட்டென்று பறந்ததும் அதுவரை அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிடிமானம் இல்லாமல் எங்கே போய் விழும் என்பது.

மரம் ஏன் கோணுகிறது? என் விஷயத்தில் காரணம் ஃபென்ஸ், அதாவது மரத்தை நேராக ஓட்டுவதற்காகப் பக்கத்தில் பிடித்திருக்கும் சட்டம். அது பிளேடுக்கு இணையாக இல்லாமல் பின்பக்கம் நெருங்கியிருந்தது. தள்ளத் தள்ள மரம் இரண்டுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. முழு மரமாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. வளரும்போதும் காயும்போதும் உள்ளே சேர்ந்த இறுக்கம் வெட்டியதும் விடுபடும், சில பலகைகள் விரிந்துகொள்ளும், சில பலகைகள் சந்தை மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். நன்றாகக் காயாத வேம்பு, மா இவற்றை அறுத்தவர்களுக்கு இது புதிதல்ல.

இதற்கு மருந்து பிளேடுக்குப் பின்னால் ஒட்டி நிற்கிற ஒரு சின்னத் தகடு. ரைவிங் நைஃப் என்பார்கள். பிளேடை ஏற்றி இறக்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்கும், எனவே மரம் பின்பற்களைத் தொடவே விடாது. அதன் கனம் பிளேடின் உடல்தகட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவும், பற்கள் போடுகிற சந்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். சாதாரண பிளேடு 3.2 மில்லிமீட்டர் சந்து போடும். மெல்லிய பிளேடு என்று வாங்கினால் 2.4 தான். 2.5 மில்லிமீட்டர் தகட்டுக்கு இந்த மெல்லிய பிளேடு போட்டால் மரம் பாதியில் சிக்கி நிற்கும், எரிச்சலில் தகட்டைக் கழற்றி எறியத் தோன்றும். தயவுசெய்து பிளேடை மாற்றுங்கள்.

ஆகவே கடையில் முதலில் பிளேடுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். தகடு இல்லையென்றால் என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பல்லில் ஸ்கெட்ச் பேனாவால் குறியிட்டு, மேஜையில் பிளேடுக்குப் பக்கத்தில் நீளவாட்டில் ஓடும் பள்ளமான மைட்டர் காடியிலிருந்து அந்தப் பல்லுக்கு உள்ள தூரத்தை முன்பக்கம் அளந்துவிட்டு, அதே பல்லைப் பின்பக்கம் திருப்பி மறுபடி அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ஃபென்ஸையும் அதே காடியிலிருந்து இரண்டு முனையிலும் அளங்கள். பூட்டிய பிறகு ஃபென்ஸின் பின்முனையைக் கையால் தள்ளினால் நகர்கிறதா? அப்படியானால் வெட்டும்போதும் நகரும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

எச்.பி. கடைசியில்தான். 2 எச்.பி. மோட்டார் முழுப் பாரத்தில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், எனவே வீட்டு 5 ஆம்பியர் பிளக் ஆகாது, 15 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். 10 அங்குல பிளேடு ஏறக்குறைய 79 மில்லிமீட்டர் ஆழம் வெட்டும். பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் பிளைவுட் அறுக்கிற நமக்கு 8 அங்குலமே தாராளம். முழு 8x4 ஷீட்டைச் சின்ன மேஜைமேல் ஏற்றிச் சமாளிக்க முடியாது, தரையில் வைத்துக் கையில் பிடித்து ஓட்டும் மின்ரம்பத்தால் துண்டாக்கிக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம். பிளேடில் 24 பல் என்றால் நீளவாட்டில் கிழிக்க, 60 என்றால் பிளைவுட்டுக்கு. அந்தக் கை மின்ரம்பத்தைக் கவிழ்த்துப் பலகைக்கு அடியில் பொருத்தி, சுவிட்சைக் கம்பியால் கட்டிவிட்டு ஓட்டுகிற ஏற்பாடு நிறைய இடங்களில் உண்டு. கைதேர்ந்த ஆசாரிகளே அதில் விரலை இழந்திருக்கிறார்கள், நாம் எம்மாத்திரம்.

விரல் பட்டால் தானே நிற்கிற ரம்பம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை வழக்கறிஞர் ஸ்டீவ் காஸ் உருவாக்கிய சாஸ்டாப் ரம்பம் 2004-இல் விற்பனைக்கு வந்தது. பிளேடில் எப்போதும் ஒரு மெல்லிய மின் சமிக்ஞை ஓடும். விரல் பட்டதும் உடம்பு அதில் ஒரு பகுதியை இழுத்துக்கொள்ள, சமிக்ஞை விழும், உடனே ஒரு ஸ்பிரிங் அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் திணிக்கும். 5 மில்லிசெகண்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும், பிளேடு அரைச் சுற்றுகூடச் சுற்றியிருக்காது. அந்தக் கட்டை போச்சு, பெரும்பாலும் பிளேடும் போச்சு, விரல் மிஞ்சும். ஆனால் அந்த ரம்பத்துக்குத் தெரிவது சதை மாதிரி மின்சாரம் கடத்துகிற பொருள் மட்டும்தான். பின்பற்களில் மரம் சாய்வது அதற்குத் தெரியாது. அதனால்தான் அத்தனை விலையுள்ள ரம்பத்திலும் பிளேடுக்குப் பின்னால் அதே சின்னத் தகட்டை வைத்திருக்கிறார்கள்.