சுகர் ரிப்போர்ட்டோடு ஒன்பது கேள்விகள்

"ராத்திரி நாலு தடவை முழிப்பு வருது டாக்டர். பகலெல்லாம் ஒரே அசதி." சர்க்கரை நோயாளி ஒருவர் இப்படிச் சொன்னால் காரணம் எது? சர்க்கரை ஏறியிருந்தாலும் தூக்கம் கெடும், உடம்பு ஓயும். மனச்சோர்விலும் அதேதான். அறிகுறிகள் ஒன்றுபோலவே இருப்பதால், சர்க்கரையின் மறைவில் மனச்சோர்வு பல வருடம் தெரியாமலே இருந்துவிடும்.

இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கவும் செய்யும். மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பு கூடினால், கல்லீரல் அதிகக் குளுக்கோஸை ரத்தத்தில் விடும். மனம் சோர்ந்தவருக்கு மாத்திரை டப்பாவைத் திறப்பதே பாரம். காலை நடையும் நின்றுபோகும். அப்புறம் ஏறிய ரிப்போர்ட்டைப் பார்த்து இன்னும் மனம் உடையும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மனநல மருத்துவர் வேய்ன் கேட்டன் குழு, செவிலியர்களை வைத்து இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தந்து பார்த்தது. 2010-இல் வெளியான அந்த ஆய்வில் பலன் தெரிந்தது. அந்த முறையை நம் ஊருக்கு ஏற்ப மாற்றி, சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய நகரங்களில் 404 பேரிடம் சோதித்தார்கள்.

இதில் புது மருந்து எதுவும் இல்லை. டாக்டர் அல்லாத ஒரு ஒருங்கிணைப்பாளர்தான் புதிது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகளை அவர் கேட்பார்: எதிலும் ஆர்வம் குறைந்ததா, தூக்கம் கெட்டதா, உங்களைப் பற்றியே மோசமாக நினைத்தீர்களா... ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27-க்கு 10 வந்தாலே கவனிக்க வேண்டும். அந்த எண்ணும் மூன்று மாத சர்க்கரைச் சராசரியும் ஒரே பதிவில் இருக்கும். மனநல மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் அதைப் பார்த்துப் பேசுவார்கள். எண் இறங்கவில்லையா? அடுத்த வருகைவரை காத்திராமல் சிகிச்சையை மாற்றச் சொல்வார்கள். என் பார்வையில் இந்த முறையின் உயிரே இதுதான். தனித்தனி ஃபைலில் கிடக்கும்வரை, இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

2020-இல் முடிவு வந்தது. மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு இவற்றில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இறங்கியவர்கள் இந்த முறையில் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4. ஒருங்கிணைப்பாளர் உடனிருந்தது முதல் 12 மாதம் மட்டுமே. இந்தக் கணக்கை எடுத்தது 24-ஆம் மாதத்தில்.