கவுன்சில்: ஒரு சொல், மூன்று பொருள்

சிட்னியின் மேற்குப் பகுதியில் வாழும் தமிழர் வீடுகளில் ‘கவுன்சில்’ என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. “கவுன்சில் இன்னும் குப்பை எடுக்கவில்லை.” “இந்த முறை கவுன்சிலுக்கு நம்மவர் ஒருவர் நிற்கிறார்.” “நீங்கள் வாங்கிய வீடு எந்தக் கவுன்சில்?” மூன்றிலும் சொல் ஒன்றே, பொருள் வேறு. முதலாவது, ஊழியர்களும் வண்டிகளும் கொண்ட நிர்வாகம். இரண்டாவது, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கூடும் அவை. மூன்றாவது, எல்லை போட்ட நிலப்பரப்பு. தமிழில் எழுதும்போது மூன்றையும் ‘மாநகராட்சி’ என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறோம். ஆஸ்திரேலிய நிலவரத்துக்கு அது பொருந்தவில்லை.

லத்தீனில் ‘கான்சிலியம்’ என்றால் அழைத்துக் கூட்டிய கூட்டம். ‘கான்’ என்பது ஒருங்கே, ‘கலாரே’ என்பது கூவி அழைப்பது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கவுன்சில் ஆனது. ஆலோசனையைக் குறிக்கும் ‘கவுன்செல்’ வேறு லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஒலி நெருங்கியதால் ஆங்கிலேயரே இரண்டையும் பல நூற்றாண்டுகள் குழப்பிக்கொண்டார்கள். நம் ‘மன்றம்’ வேறு திசையில் பிறந்த சொல். ஊர் நடுவே, மரத்தடியில், எல்லோருக்கும் பொதுவாக இருந்த வெளியைச் சங்கப் பாடல்கள் மன்றம் என்கின்றன. பிறகு அங்கே கூடியவர்களுக்கும் அதுவே பெயராயிற்று. அங்கே அழைப்பு, இங்கே இடம். இரண்டும் கடைசியில் வந்து சேர்ந்தது கூடிப் பேசும் அவையில்தான்.

பரமட்டாவை எடுத்துக்கொள்வோம். சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர். தாருக் மக்களின் பர்ரமட்டகல் என்ற குலத்தார் வாழ்ந்த ஆற்றங்கரை இது. அந்தக் குலப்பெயரில் விலாங்கு மீனும் இருக்கிறது, அது கூடும் இடமும் இருக்கிறது. ஊரின் ரக்பி அணிக்கு விலாங்கு இன்றும் சின்னம். 1788 நவம்பரில் இந்தக் குடியேற்ற நாட்டின் முதல் ஆளுநர் பிலிப் இங்கே குடியேற்றம் அமைத்து ‘ரோஸ் ஹில்’ என்று பெயர் வைத்தார். 1791இல் மண்ணின் பெயரே திரும்பியது. 1861இல் முனிசிபாலிட்டி, 1938இல் ‘சிட்டி’. இன்று சுமார் 84 சதுர கிலோமீட்டர், 2021 கணக்கெடுப்பின்படி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஐந்து வார்டுகள், வார்டுக்கு மூன்று பேராகப் பதினைந்து உறுப்பினர்கள்.

இந்த ‘சிட்டி’ என்ற ஒட்டுதான் மொழிபெயர்ப்பவரை ஏமாற்றுகிறது. சிட்டி என்றதும் மாநகராட்சி என்று கை தானாக எழுதிவிடுகிறது. ஆனால் சிட்னி அடங்கிய நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சிட்டி, முனிசிபாலிட்டி, ஷயர் என்பவை பெரும்பாலும் வரலாறு விட்டுச்சென்ற பட்டங்கள். சிட்னியின் தெற்கில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாழும் சதர்லாந்து, 1906இல் பெற்ற ஷயர் என்ற பெயரை இன்னும் விடவில்லை. பழைய ஆங்கிலத்தில் ஷயர் என்றால் ஒருவர் பொறுப்பில் விடப்பட்ட நாட்டுப்பகுதி. ஏறக்குறைய பழந்தமிழ் நாட்டுப் பிரிவான நம் ‘கூற்றம்’ போல. சதர்லாந்தின் பாதி மக்கள்கூட இல்லாத, 14 சதுர கிலோமீட்டரே உள்ள ஸ்ட்ராத்ஃபீல்டு முனிசிபாலிட்டி எனப்படுகிறது. அந்தச் சொல்லுக்கும் லத்தீன்தான் தாய்: ‘முனுஸ்’ என்பது கடமை, ‘கபேரே’ என்பது ஏற்றல். பொதுக்கடமையில் பங்கேற்பவர்களின் ஊர் என்று பொருள். அதிகாரத்தைப் பேசாமல் கடமையைப் பேசும் அந்த வேர் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நியூ சவுத் வேல்ஸின் 1993ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி பரமட்டாவும் ஸ்ட்ராத்ஃபீல்டும் செய்யும் வேலை ஒன்றேதான். தெருச் சாலை, பூங்கா, நூலகம், நாய்ப் பதிவு, வீடு கட்ட அனுமதி, பிறகு குப்பை. சிவப்பு மூடித் தொட்டியில் பொதுக் குப்பை, மஞ்சளில் மறுசுழற்சிக்குப் போவது, பச்சையில் தோட்டக் கழிவு. இதற்கெல்லாம் பணம் ‘ரேட்ஸ்’ என்ற வரியிலிருந்து வருகிறது. சென்னைக்காரர் அதை வீட்டு வரி என்பார், யாழ்ப்பாணத்தவர் சோலைவரி என்பார். அந்தச் சீட்டில் ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, மே மாதக் கடைசி நாள்கள் தவணைகளாக அச்சிடப்பட்டிருக்கும். மேலே பார்த்தால் நிலத்தின் மதிப்பு மட்டும் இருக்கும். வீட்டின் மதிப்பு அதில் சேராது, ஏனென்றால் வரி மனைக்குத்தான்.

மாநகராட்சி என்ற சொல்லில் நான் காணும் சிக்கல் இங்கேதான். சென்னையில் அது பள்ளிக்கூடம் நடத்துகிறது, மருத்துவமனை நடத்துகிறது. பரமட்டாவில் பள்ளியும் மருத்துவமனையும் மாநில அரசின் பொறுப்பு; குடிநீர் சிட்னி வாட்டர் என்ற நிறுவனத்திடம். அதைவிட ஆழமான வேறுபாடும் உண்டு. இந்திய அரசமைப்பு 1992ஆம் ஆண்டின் 73, 74ஆம் திருத்தங்களால் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் தன்னுள் இடம் கொடுத்தது. ஆஸ்திரேலிய அரசமைப்பிலோ உள்ளாட்சி என்ற பேச்சே கிடையாது. அதைச் சேர்க்க 1974இலும் 1988இலும் வாக்கெடுப்பு நடத்தியும் மக்கள் ஏற்கவில்லை. 2013இல் திட்டமிட்ட வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

அதன் விளைவை 2016 மே 12 அன்று கண்கூடாகப் பார்த்தோம். மாநில அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அன்றோடு பழைய பரமட்டா கவுன்சில் இல்லாமல் போயிற்று. எல்லை மாறிய புதிய பரமட்டா ஒருபுறம் பிறந்தது. அண்டைக் கவுன்சில்களான ஹோல்ராய்டு, ஆபர்ன் இரண்டின் பெரும்பகுதியும் பரமட்டாவின் ஒரு பகுதியும் சேர்ந்து கம்பர்லாந்து என்ற புதிய கவுன்சில் மறுபுறம் பிறந்தது. 2017 செப்டம்பரில் தேர்தல் நடக்கும் வரை இரண்டையும் அரசு நியமித்த நிர்வாகிகளே நடத்தினார்கள். கையெழுத்து ஒன்றில் கலைந்துவிடக்கூடிய அமைப்பை ‘ஆட்சி’ என்று தனித்துச் சொன்னால் இல்லாத வலிமையை அதற்கு ஏற்றிச் சொல்கிறோம். வேறு உயர்ந்த அரசுக்கு உட்பட்டது என்பதை ‘உள்ளாட்சி’ காட்டிவிடுவதால் அதில் எனக்குக் குறையில்லை.

பேச்சோடு வரும் இன்னொரு சொல் ‘சபர்ப்’. நகரத்தின் அடிவாரம் என்பது லத்தீன் பொருள். புறநகர் என்பது சரியான நேர்ச்சொல். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே தங்கிய இடத்தைச் சிலப்பதிகாரம் புறஞ்சேரி என்கிறது. ஆனால் ஆஸ்திரேலியர் நகரின் நட்டநடுவையும் சபர்ப் என்றே சொல்வார்கள். அவர்களுக்கு அது முகவரியில் வரும் ஊர்ப்பெயர், அவ்வளவே. ‘எந்தப் பேட்டை?’ என்று சென்னையில் கேட்கிறோமே, அந்தப் பேட்டை இதற்கு மிக அருகில் வருகிறது. பேட்டைக்கென்று தனி நிர்வாகம் கிடையாது. பல பேட்டைகள் ஓர் உள்ளாட்சிப் பகுதியில் அடங்கும், ஒரே பேட்டை இரண்டு மூன்றாகப் பிரிந்தும் கிடக்கும். தமிழர் நிறைய வாழும் தூங்காபி பரமட்டா, கம்பர்லாந்து, பிளாக்டவுன் மூன்றிலும் கால் வைத்திருக்கிறது. அங்கே ‘எந்தக் கவுன்சில்?’ என்று கேட்பதற்கு உண்மையான தேவை இருக்கிறது, குப்பை வண்டி வரும் நாளே அதைப் பொறுத்தது.

எனவே என் பரிந்துரை இது. நிலப்பரப்புக்கு உள்ளாட்சிப் பகுதி. தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்கு நகரமன்றம். நிர்வாகத்துக்கு நகரமன்ற அலுவலகம். பரமட்டா நகரமன்றம், சதர்லாந்து நகரமன்றம் என்று பட்டம் பாராமல் ஒரே சீராக எழுதலாம். ஈழத்தவர் வாயில் நகரசபை, பிரதேச சபை என்பவை இயல்பாக வரும். நகரசபை என்று எழுதினாலும் பொருள் குன்றாது. வார்டுக்கு ஈழ வழக்கில் வட்டாரம், சென்னை வழக்கில் வட்டம். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டோ ஊரை முப்பது ‘குடும்பு’களாகப் பிரித்துப் பேசுகிறது. வட்டாரம் போதும் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டவருக்கும் அது உடனே புரியும்.

மேயர் என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மேயரை மாநகர முதல்வர் என்பார்கள். தமிழ்நாட்டவருக்கு முதல்வர் என்றால் மாநில அரசின் தலைவர்தான். இரு நாட்டாரும் ஒன்றாகப் படிக்கும் சிட்னிப் பத்திரிகையில் ‘முதல்வர் பூங்காவைத் திறந்து வைத்தார்’ என்று வந்தால் பாதிப் பேருக்கு நியூ சவுத் வேல்ஸ் பிரீமியர் நினைவுக்கு வருவார். பரமட்டாவில் இந்தப் பதவிக்கு ‘லார்டு மேயர்’ என்று பெயர். மேயர் என்றே எழுதுங்கள். இரு கரையிலும் புரியும் சொல் அது.