திமில் இருக்கிற மாடு, திமில் இல்லாத குதிரை

சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீர் பரவலாக வருமுன், ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டிகள் நகருக்குத் தண்ணீர் சுமந்தன. கிரேத்தா ஆயர் வட்டாரத்துக்கு அந்த வண்டிகளால்தான் பெயர் வந்தது; மலாயில் 'தண்ணீர் வண்டி' என்று பொருள். ஆட்களை ஏற்றிப்போகக் குட்டைக் குதிரைகள் பூட்டிய வண்டிகளும் ஊரில் ஓடின. ஆனால் மாட்டின் நுகத்தடியைக் குதிரைக்கு மாட்டினால் சரிப்படாது.

நம்மூர் மாட்டுக்குத் திமில் உண்டு. நுகத்தடி அதற்கு முன்னால் கழுத்தில் உட்கார, மாடு நடக்க நடக்கத் திமில் அதைத் தள்ளிக்கொண்டே போகும். கழுத்தைச் சுற்றிக் கட்டும் பூட்டாங்கயிறு நுகம் நழுவாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். குதிரைக்குத் திமிலும் இல்லை, கழுத்தும் நிமிர்ந்து நிற்கும். நுகம் பின்னால் வழுக்கும். கயிறு தொண்டைக்கு ஏறி மூச்சை அடைக்கும். அதனால்தான் பாரம் இழுக்கும் குதிரைக்கு மெத்தை வைத்த கழுத்து வளையம். விசை இரண்டு தோள்களிலும் பரவுகிறது. இழுப்பதுபோலத் தெரிந்தாலும், குதிரை வளையத்தைத் தோளால் தள்ளுகிறது.

500 கிலோ குதிரை மணிக்கணக்கில் சோராமல் கொடுக்கும் விசை, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு. சுமார் 50 கிலோ. அப்புறம் எப்படி டன் கணக்கில் இழுக்கிறது? எடையைச் சக்கரம் தாங்கிக்கொள்கிறது. கெட்டியான சமதளச் சாலையில் உருளும்போது ஏற்படும் தடை, மொத்த எடையில் நாற்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் 2 டன் நகரும். ஆனால் இருபதடிக்கு ஓரடி உயரும் மேட்டில் அதே வண்டிக்கு இன்னும் 100 கிலோ விசை வேண்டும்! மேட்டில் வண்டிக்காரர் இறங்கித் தள்ளியதில் வியப்பில்லை.

சக்கரம் பெரிதானால் கல்லில் ஏறுவது சுலபம், குழியில் ஆழமாக இறங்காது. அச்சில் உராய்வதால் வரும் தடையும் குறையும்.

இரண்டு சக்கர வண்டியில் பாரம் அச்சுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். முன்பாரமானால் மாட்டின் கழுத்தில் சுமை. பின்பாரமானால், வண்டியையும் நுகத்தையும் இணைக்கும் மரத்தண்டான ஏர்க்கால் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். அரிசி மூட்டையென்றால் ஒருமுறை பார்த்து அடுக்கினால் போதும். பாதி நிரம்பிய தண்ணீர்ப் பீப்பாய்தான் வம்பு. மேடு ஏறும்போது தண்ணீர் பின்னால் ஓடும், இறங்கும்போது முன்னால் பாயும், சட்டென்று நின்றால் மாட்டையே முட்டித் தள்ளும். இன்றைய தண்ணீர் லாரித் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பதும் இந்த ஆட்டத்தை அடக்கத்தான்.