யூனிட்டேரியன்: ‘ஓரிறைவாதி’ என்றால் போதுமா?

1553 அக்டோபர் 27. ஜெனீவாவுக்கு வெளியே, ஷாம்பெல் மேட்டில் மிக்கேல் செர்வேட்டஸைக் கட்டி வைத்துத் தீ மூட்டினார்கள். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவக் கொள்கையை மறுத்த இறையியலாளர் அவர். ‘நித்திய தேவனின் மகனாகிய இயேசுவே, என்மேல் இரங்கும்’ என்று மன்றாடினார். ‘தேவனின் நித்திய மகனாகிய இயேசுவே’ என்றிருந்தால் அது, மகனும் தந்தையைப் போலவே நித்தியர் என்ற திரித்துவ அறிக்கை ஆகியிருக்கும். ‘நித்திய’ என்ற ஒரே சொல்லை இடம் மாற்றி வைக்க, தீயின் நடுவிலும் அவர் இசையவில்லை. அந்த உறுதி என்னை உலுக்குகிறது.

அவரைக் குறிக்க அப்போது ‘யூனிட்டேரியன்’ என்ற சொல்லே கிடையாது. லத்தீனில் ‘ட்ரினித்தாஸ்’ மும்மை, ‘யூனித்தாஸ்’ ஒருமை. பின்னதிலிருந்து பிறந்த பெயர் இது. இயேசுவை நோக்கி வேண்டுவதே கூடாது என்று சொல்லுமளவு போன, திரான்சில்வேனியாவின் (இன்றைய ருமேனியாவில் உள்ளது) போதகர் ஃபெரென்ஸ் டேவிட், 1579இல் தேவா கோட்டைச் சிறையில் இறந்தார். அவர் வழிவந்த திரான்சில்வேனியத் திருச்சபையைக் குறித்தே, 1600ஆம் ஆண்டு மன்றத் தீர்மானம் ஒன்றில் இப்பெயர் எழுத்தில் வருகிறது. இங்கிலாந்தில் 1813 வரை திரித்துவத்தை மறுப்பது சட்டப்படி குற்றம். அதே 1813இல்தான் சென்னை புரசைவாக்கத்தில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் யூனிட்டேரியன் ஆலயம் கட்டினார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஓரிறைவாதி’ என்றே பலரும் எழுதிவிடுகிறோம். அது பிழை. திரித்துவத்தை ஏற்பவர்களும் கடவுள் ஒருவரே என்றுதான் அறிக்கையிடுகிறார்கள். தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாய் இருக்கும் ஒரே கடவுள் என்பது அவர்கள் நம்பிக்கை. ‘ஓரிறைவாதி’ என்று யூனிட்டேரியன்களுக்கு மட்டும் பட்டம் கட்டினால், மற்றக் கிறித்தவர்கள் பல கடவுளரை வணங்குவதாக ஆகிவிடும். ‘ஏகத்துவர்’ என்பது சொல்லாக்கத்தில் கச்சிதம்: திரித்துவம், ஏகத்துவம். ஆனால் ஏகத்துவம் என்றதும் தமிழ்க் காதில் இஸ்லாமியரின் தவ்ஹீதே முதலில் ஒலிக்கும். ‘திரித்துவ மறுப்பாளர்’ மிக அகலம். கிறிஸ்துவைக் கடவுளின் முதற்படைப்பு என்ற ஆரியுஸும் அதில் வந்துவிடுவார்.

வழக்கின் முடிச்சு ‘ஆள்’ என்ற சொல்லில் இருக்கிறது. கடவுள் ஒரே ஆள், அவர் தந்தை மட்டுமே என்பதுதான் யூனிட்டேரியன் நிலை. ஆகவே கொள்கையை ‘ஓராள் இறைக் கொள்கை’ என்றும், அதை ஏற்பவரை ‘ஓராள் இறைக் கொள்கையர்’ என்றும் எழுதலாம். சற்று நீளம்தான். திருச்சபையின் பெயராக வருமிடத்தில் ‘யூனிட்டேரியன்’ என்றே விட்டுவிடுங்கள். அது அவர்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட பெயர்.