பழைய ஷாஃப்டை மூடப் போகிறீர்களா? முதலில் பெர்மிட்டைப் பாருங்கள்

சிங்கப்பூரில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆனால் ஓய்வு கொடுக்கப்பட்ட பம்ப் நிலையங்கள், ஆழமான மேன்ஹோல்கள், வருடக்கணக்கில் மூடியே கிடக்கும் ஷாஃப்டுகள் (செங்குத்தான ஆழக் குழிகள்) உண்டு. இவற்றை நிரப்பி மூடும் வேலையில் நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒருவரின் தலை மட்டும் உள்ளே போனாலே, 2009ல் வந்த கன்ஃபைண்ட் ஸ்பேஸ் (காற்று சரியாகப் புழங்காத அடைபட்ட இடம்) விதிமுறைகள் பொருந்தும். ஐந்து நிமிட வேலைக்கும் அதே விதிதான்.

நீண்ட நாள் மூடிய குழிதான் மோசமானது. இரும்பு ஏணியும் குழாயும் துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். கழிவு எதுவும் இல்லாத, காய்ந்து சுத்தமாகத் தெரியும் ஷாஃப்டிலும் ஆள் மயங்கி விழுவது இதனால்தான். சேறு இருந்தால் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று யாராவது சொன்னால் அப்போதுதான் பயப்பட வேண்டும்.

விதி நான்கு பேரைக் கேட்கிறது. இறங்குபவர்களின் சூப்பர்வைசர் பெர்மிட்டுக்கு, அதாவது உள்ளே இறங்குவதற்கான எழுத்து அனுமதிக்கு, விண்ணப்பிப்பார். சேஃப்டி அசெசர் காற்றைச் சோதிப்பார். ஆதரைஸ்ட் மேனேஜர் பெர்மிட் கொடுப்பார். அட்டெண்டண்ட் வாசலிலேயே நிற்பார்: உள்ளே எத்தனை பேர் என்று கணக்கு வைப்பார், அவர்களோடு பேசிக்கொண்டே இருப்பார், ஏதாவது என்றால் அலாரம் கொடுப்பார். அவரைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பினால் பெர்மிட் வெறும் காகிதம். பெர்மிட் நகல் நுழைவாயிலில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதில் இடம், வேலை, செல்லுபடியாகும் நேரம், சோதனை அளவுகள் எழுதியிருக்கிறதா என்று இறங்குகிறவரே படித்துப் பார்க்கலாம்.

ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எரியும் வாயு, அதன் கீழ் வெடிப்பு எல்லையில் (தீப்பற்றக் காற்றில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு) 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மீத்தேனுக்கு அந்த எல்லை காற்றில் 5 விழுக்காடு, ஆகவே 0.5 விழுக்காட்டிலேயே நிறுத்த வேண்டும். நச்சு வாயு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டக்கூடாது.

முதலில் ஆக்சிஜன், பிறகு எரியும் வாயு, பிறகு நச்சு வாயு என்று சோதிக்கும் வரிசைக்குக் காரணம் இருக்கிறது. பல வாயு மீட்டர்களில் எரியும் வாயு சென்சார் வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும். அது குறைந்தால் பூஜ்யம் காட்டி ஏமாற்றும். மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்ஃபைடு அடியில் தங்கும். அதனால் மேல், நடு, அடி மூன்றிலும் மீட்டரின் ஹோஸை (காற்றை உறிஞ்சும் குழாய்) இறக்கி, காற்று மேலே வந்துசேரும்வரை காத்திருந்து அளக்க வேண்டும். மீட்டரைச் சுத்தமான காற்றில்தான் ஜீரோ செய்ய வேண்டும்; ஸ்டார்ட்டில் நிற்கும் லாரியின் புகைக்குப் பக்கத்தில் செய்வது நாம் அடிக்கடி பார்க்கிற தவறு.

சோதனை சரியாக வந்தது என்று மீட்டரை அணைத்துவிடாதீர்கள். சேற்றில் கால் வைத்ததும் அடைபட்ட வாயு கிளம்பும். மீட்டரும் புளோயரும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஃபில்டர் முகக்கவசம் ஆக்சிஜன் தராது. ஹார்னஸில் கயிறு, வாசலில் ட்ரைபாட் (முக்காலித் தாங்கி), கையால் சுற்றும் வின்ச் (கயிறு இழுக்கும் உருளை) இருந்தால் விழுந்தவரை வெளியிலிருந்தே தூக்கலாம். மூச்சுக்கருவி இல்லாமல் காப்பாற்றக் குதித்தவர்தான் பெரும்பாலும் இரண்டாவது பலி. 995ஐ அழையுங்கள், வின்ச்சைச் சுற்றுங்கள்.

மூடும் வேலைக்கே வருவோம். இறங்காமல் முடிக்க முடிந்தால் அதுவே நல்லது. உள்ளே பார்க்கக் கேமரா போதும். ஷாஃப்டில் சேரும் குழாய்களை முதலில் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றும் கான்கிரீட் குழாய்வழியே போய்விடும். தண்ணீர் நின்றால் கான்கிரீட் ஊற்றும் குழாயை அடிவரை இறக்கி, கீழிருந்து மேலாக ஊற்ற வேண்டும். 3 மீட்டர் விட்டம், 20 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 141 கனமீட்டர். 8 கனமீட்டர் மிக்சர் லாரி 18 நடை. 12 நடையிலேயே வாய்வரை நிரம்பிவிட்டால் நடுவில் ஏதோ தடுத்து, அடியில் வெற்றிடம் இருக்கிறது. 25 நடை போயும் நிரம்பவில்லையென்றால் எங்கோ கசிகிறது. பழைய சுரங்க ஷாஃப்டுகள் பல நாடுகளில் திடீரென்று உள்வாங்குவதற்கு முதல் வகைக் கோளாறு ஒரு பெரிய காரணம்: மேலே பலகை வைத்து அதன்மேல் மண்ணைக் கொட்டியிருப்பார்கள்; பலகை உளுத்ததும் எல்லாம் இறங்கும். இதனால் மரக்கட்டை, குப்பை எதையும் நிரப்பில் போடக்கூடாது. மேல்மூடியின் விளிம்பு ஷாஃப்ட் சுவரைத் தாண்டி உறுதியான நிலத்தில் உட்கார வேண்டும். பொதுக் கழிவுநீர்க் குழாயைத் தொடும் வேலை என்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஒப்புதல் முன்பே வேண்டும்.

பெர்மிட் இல்லாமல் இறங்கச் சொன்னால் மனிதவள அமைச்சிடம் புகார் செய்யலாம். அதற்காக வேலையை விட்டு நீக்கவோ மிரட்டவோ முதலாளிக்குச் சட்டத்தில் இடமில்லை. உயிரிழப்பு, கடுங்காயம் ஏற்படக்கூடிய விதிமீறல்களுக்கு, துணை விதிகளின் கீழ் விதிக்கப்படும் உச்ச அபராதம் 2024 ஜூன் 1 முதல் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. புகார் செய்யும்போது இடம், தேதி, நேரத்தோடு, பெர்மிட் ஒட்டப்படாத வாசலின் படமும் இருந்தால் நல்லது.