கரி நைட்ரேட்டைப் பிடிக்குமா? தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் விவசாயி ஒருவர் இரண்டு பாட்டில் தண்ணீருடன் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். ஒன்றில் அவருடைய கிணற்றுநீர் இருந்தது. அதே நீரைக் கொட்டாங்குச்சிக் கரியும் மணலும் அடுக்கிய ட்ரம் ஒன்றின் வழியாக வடித்து மற்றொன்றில் பிடித்து வந்திருந்தார். வடித்த நீர் பளிங்கு போலத் தெளிந்திருந்தது, வாடையும் இல்லை. எருவிலிருந்தும் உரத்திலிருந்தும் கிணற்றில் இறங்கி, அளவு மீறினால் கைக்குழந்தைகளுக்குக் கேடாகும் நைட்ரேட்டைச் சோதித்தபோது, வடிக்காத நீரில் லிட்டருக்கு 118 மில்லிகிராமும் வடித்த நீரில் 116 மில்லிகிராமும் இருந்தன. அந்த 2 மில்லிகிராம் வித்தியாசம் எங்கள் கருவியின் பிழைக்குள் அடங்கிவிடக்கூடியது. "கரி போட்டாச் சுத்தமாயிரும்னு சொன்னாங்களேங்க" என்றார் அவர்.

அப்படிச் சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. மணலும் கரியும் கூழாங்கல்லும் போட்ட பானை வடிகட்டியைப் பள்ளிப் பாடத்திலேயே நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கலங்கலை மணல் பிடிக்கும்; வாடையையும் நிறத்தையும் பலவகைக் கரிமச் சேர்மங்களையும் கரி நன்றாகவே பிடித்துக்கொள்ளும். நைட்ரேட்டின் சங்கதி வேறு. அது எதிர்மின்னேற்றம் கொண்ட அயனி. நீரில் முழுவதும் கரைவது, எதனுடனும் எளிதில் சேர்ந்து வீழ்படிவாகாதது. காற்றுப் புகாமலோ மிகக் குறைந்த காற்றிலோ உமியையும் மரக்கழிவையும் சூடாக்கிச் செய்யும் உயிர்க்கரியின் மேற்பரப்பும் கிணற்றுநீரின் சாதாரண அமில-கார நிலையில் (பிஹெச்) பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டதாகவே இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால் நைட்ரேட் கரியைத் தொட்டும் தொடாமலும் கடந்து போய்விடுகிறது. கிணற்றுக்குள் ஒரு மூட்டை கரியை இறக்கிவிடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 13 வகை உயிர்க்கரிகளைச் சோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பெரும்பாலானவை நைட்ரேட்டைப் பிடிக்கவில்லை அல்லது மிகச் சொற்பமாகவே பிடித்தன. ஆனால் அவற்றில் 9 கரிகள் அம்மோனியத்தைப் பிடித்தன. அம்மோனியம் நேர்மின்னேற்றம் கொண்டது என்பதால் இதில் வியப்பில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதற்கெல்லாம் இந்த வேறுபாடுதான் அடிப்படை.

கரியை நைட்ரேட்டுக்கு ஏற்றபடி மாற்ற முடியும். மூலப்பொருளை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்துப் பிறகு சூடாக்கினால் கரியின் துளைகளில் மெக்னீசியம் ஆக்சைடு நுண்துகள்கள் படிந்து, மேற்பரப்பு நேர்மின்னேற்றம் பெறும். இரும்பு, அலுமினிய உப்புகளைக் கொண்டும் இதைச் செய்கிறார்கள். இப்படித் தயாரித்த கரி ஒன்று கிராமுக்கு 95 மில்லிகிராம் வரை நைட்ரேட்டைப் பிடித்ததாக ஆய்வகக் கணக்கு உண்டு. அந்த எண் உப்புச் சேராத தூய நீரில் நைட்ரேட்டை மட்டும் கரைத்துப் பெற்றது. நம் பாறைப் பகுதி ஆழ்துளைக் கிணறுகளின் நீரிலோ பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் எல்லாம் சேர்ந்து நைட்ரேட்டைப் போலப் பல மடங்கு இருக்கும். அவையும் எதிர்மின் அயனிகளே. கரியின் மேலுள்ள இடத்துக்கு அவையும் போட்டியிடும்போது ஆய்வகத்தில் கிடைத்த எண் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்திய தர நிர்ணயத்தின்படி (ஐஎஸ் 10500) குடிநீரில் நைட்ரேட்டின் உச்ச வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் 50 என்கிறது. மேலே சொன்ன கிணற்றின் 118ஐ 45க்கு இறக்க லிட்டருக்கு 73 மில்லிகிராம் நீக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால் 1,460 மில்லிகிராம். கரி கிராமுக்கு 95 மில்லிகிராம் பிடித்தால் நாளுக்கு 15 கிராம் போதும். உண்மையான கிணற்றுநீரில் அது 5 மில்லிகிராமாகக் குறைந்துவிட்டால் நாளுக்கு 300 கிராம், மாதத்துக்கு 9 கிலோ உப்பேற்றிய கரி ஒரு வீட்டுக்கு மட்டும் தேவைப்படும். கரி எப்போது நிறைந்துவிட்டது என்பது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. நிறைந்த கரியின் வழியே சல்பேட் மிகுந்த நீர் ஓடினால், பிடித்து வைத்திருந்த நைட்ரேட்டையும் அது திருப்பி விட்டுவிடக்கூடும். ஆகவே "நைட்ரேட் நீக்கும் கரி" என்று யாராவது விற்க வந்தால், எந்த உப்பேற்றியது, உங்கள் ஊர்த் தண்ணீரில் சோதித்துப் பார்த்ததா, எத்தனை லிட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள்.

அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சில கூடங்கள் முடிவை "நைட்ரேட்" என்றும் சில "நைட்ரேட் நைட்ரஜன்" என்றும் தருகின்றன. இரண்டாவதை 4.43ஆல் பெருக்கினால்தான் முதலாவது கிடைக்கும். "12தானே இருக்கிறது, 45க்கு எவ்வளவோ கீழே" என்று நிம்மதியாக இருந்த ஒரு குடும்பத்தின் அறிக்கையில் அது நைட்ரேட் நைட்ரஜன், அதாவது 53. அந்த வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் மூன்று மாதக் குழந்தை இருந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் உடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்து, உதடும் விரல்நுனியும் நீலம் பாரிக்கச் செய்யக்கூடும். அமெரிக்காவின் அயோவாவில் கிணற்றுநீரில் பால் கலந்து குடித்த குழந்தைகளிடம் 1945இலேயே மருத்துவர்கள் பதிவு செய்த கோளாறு இது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் நைட்ரேட் பெரும்பகுதி குறையும். ஆனால் சுவைக்காக வடிக்காத நீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலந்துவிடும் டிடிஎஸ் திருகு பல இயந்திரங்களில் உண்டு. அதை அதிகம் திறந்து வைத்திருந்தால் நைட்ரேட்டும் அதன் வழியே திரும்பி வரும். ஆகவே குழாயில் இறுதியாக வரும் நீரைத்தான் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். ஆர்.ஓ. வெளியே தள்ளும் நீரில் நைட்ரேட் செறிந்திருக்கும். அதைத் தென்னைக்கு விடலாம், கிணற்றோரம் கொட்டக் கூடாது.

சரி, உயிர்க்கரியால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் நான் அதற்குக் காட்டும் இடம் எருமேடு.

யூரியாவோ கோழி எருவோ நேரடியாக நைட்ரேட்டாகக் கிணற்றுக்குள் போய்ச் சேர்வதில்லை. முதலில் அம்மோனியமாகிறது, பிறகு மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாள்கள் முதல் சில வாரங்களுக்குள் அதை நைட்ரேட்டாக்குகின்றன, பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சம் மழைநீரோடு கீழே இறங்குகிறது. கரி எளிதாகப் பிடிக்கக்கூடியது அந்த முதல் நிலையைத்தான். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கோழிப்பண்ணைக் கழிவை மட்கச் செய்யும்போது 20 விழுக்காடு கரி கலந்ததில், அம்மோனியம் வாயுவாக மாறிப் போகும் அம்மோனியா வெளியேற்றம் 64 விழுக்காடு வரையும் மொத்தத் தழைச்சத்து (நைட்ரஜன்) இழப்பு 52 விழுக்காடு வரையும் குறைந்தன. மட்கும் எருவோடு பல வாரம் கிடந்த கரி நைட்ரேட்டையும் ஓரளவு பிடித்துவைத்துப் பயிருக்கு மெதுவாகத் தருவதாக ஜெர்மனியில் செய்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படிக் கிடந்த கரியின் மேல் கரிமப் பூச்சு ஒன்று படிவதை 2017இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. பச்சைக் கரி செய்யாததை எருவில் ஊறிய கரி செய்கிறது.

இதற்கு எந்தக் கரி வேண்டுமானாலும் ஆகாது. அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து அள்ளி வரும் சாம்பல் நிறப் பொடியைப் பலர் உமிக்கரி என்று வாங்குகிறார்கள். கிட்டத்தட்ட முழுக்க எரிந்து பெரும்பாலும் சிலிக்காவே மிஞ்சிய சாம்பல் அது. கரி என்றால் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும்; விரல்களுக்கிடையே நெரித்தால் நொறுநொறுவென்று உடைய வேண்டும்; தார் வாடை வீசினால் சரியாக வேகவில்லை என்று பொருள். பெயின்ட் அடித்த மரத்தையும் பிளைவுட்டையும் கரியாக்கக் கூடாது. சீமைக்கருவேலக் கரிமூட்டத்தில் சலித்து ஒதுக்கும் தூள் மலிவாகக் கிடைக்கும், நல்ல பொருளும்கூட. அதன் காரத்தன்மையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். காரம் மிகுந்த கரியை ஈர எருவில் அப்படியே கொட்டினால் அம்மோனியா கூடுதலாக ஆவியாகும். தண்ணீரில் ஓரிரு முறை அலசிக் கலப்பது நல்லது.

மரத்துண்டுகளை நிரப்பிய பள்ளத்தின் வழியாக வயல் வடிநீரைச் செலுத்தி, ஆக்சிஜன் இல்லாத அந்தச் சூழலில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும்படி செய்யும் முறை அயோவாவிலும் கனடாவிலும் நடைமுறையில் உள்ளது. அங்கும் கரி கலந்து பார்க்கிறார்கள். கரி எளிதில் மட்காது என்பதால் பாக்டீரியாவுக்கு அது உணவாகாது. குடியிருக்க இடம் தரும். மரத்துண்டு இல்லாமல் கரியை மட்டும் நிரப்பிப் பயனில்லை. வேலை அரைகுறையாக நின்றால் நைட்ரைட் மிஞ்சும், அது இன்னும் மோசமானது. ஆகவே இது வடிகாலுக்கான முறையே தவிரக் குடிநீருக்கானதல்ல.

அந்த விவசாயியின் தோட்டத்துக்கு நேரில் போய்ப் பார்த்தேன். எருமேடு கிணற்றுக்கு மேட்டுப்பக்கம், முப்பது அடி தூரத்தில், வெறும் மண்தரையில் கிடந்தது. மழை பெய்தால் காப்பி நிறத்தில் கசிந்து கிணற்றுப் பக்கமே ஓடியிருந்த தடம் தெரிந்தது. மேட்டைப் பள்ளப்பக்கம் மாற்றி, சிமெண்டுத் தளம் போட்டு, மேலே தகரக் கூரை அமைத்து, எரு பத்துக் கூடைக்கு ஒரு கூடை அலசிய கரித்தூள் கலக்கச் சொன்னேன். குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டார்கள். ட்ரம்மில் இருந்த கரியையும் எருவிலேயே கொட்டிவிட்டார்.

அடுத்த சித்திரையில் எடுத்த மாதிரியில் 109 இருந்தது. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு கரிதான் குறைத்தது என்றோ, மேட்டை மாற்றியதுதான் குறைத்தது என்றோ நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். மண்ணில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் நைட்ரேட் கழுவிப் போக வருடங்கள் ஆகும். ஐப்பசி மழையில் எண் மேலேறவும் கூடும். தை பிறந்ததும் பாட்டிலோடு வரச் சொல்லியிருக்கிறேன்.